தினமும் பாக்கெட்டில் ஒரு மடக்குக் கத்தி: வாங்குவதிலிருந்து தீட்டுவது வரை

மடக்குக் கத்திக்குப் புதியவர்கள் விரலை அறுத்துக்கொள்வது பெரும்பாலும் மடக்கும்போதுதான். வெட்டும்போது கண் கூரின் மேலேயே இருக்கும். மடக்கும்போது வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பில் கண் வேறெங்காவது போய்விடும். அதனால் இங்கே திறப்பதற்கு முன்பே மடக்குவது வருகிறது, வெட்டுவது அதற்கும் பிறகு. வரிசையை மாற்றாமல் போவது நல்லது.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை: காகித டேப், பழைய டூத் பிரஷ், காது குடையும் பஞ்சுக் குச்சி, மினரல் ஆயில், டார்க்ஸ் எனப்படும் நட்சத்திர முனைத் திருப்புளிகள் (டி6, டி8, டி10 அளவுகள்), 1000, 3000 கிரிட் (சொரசொரப்பைக் குறிக்கும் எண்) சாணைக்கற்கள், கூரை மெருகேற்ற ஒரு தோல் பட்டை, ஒரு மார்க்கர் பேனா. கல்லும் பட்டையும் முதல் நாளே தேவைப்படாது. எண்ணெயும் திருப்புளியும் தேவைப்படும்.

## 1. சட்டத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது, அதுவும் நீளத்தில் மட்டும் மாறுவதில்லை. பிரிட்டனில் கூரின் நீளம் 3 அங்குலத்துக்குள், அதாவது 7.62 செ.மீ.க்குள் இருந்து, திறந்த கத்தியை மடங்காமல் நிறுத்தும் பூட்டும் இல்லாவிட்டால் காரணம் கேட்க மாட்டார்கள். அதே நீளத்தில் பூட்டு இருந்தால் தக்க காரணம் காட்ட வேண்டும். ஜெர்மனியில் ஒரே கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்கக் காரணம் வேண்டும். ஜப்பானில் 6 செ.மீ. தாண்டினாலே சிக்கல்தான். பொத்தானை அழுத்தியதும் வில்விசையில் பாய்ந்து திறக்கும் வகையைப் பல நாடுகள் தனியாகவே தடை செய்திருக்கின்றன.

எனவே நீளம், பூட்டு, திறக்கும் விதம் ஆகிய மூன்றையும் உங்கள் ஊர் விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்காரர் சொல்வதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விற்பதற்கு அனுமதி இருக்கும் பொருளை வெளியே எடுத்துச்செல்ல அனுமதி இல்லாமல் இருக்கலாம்.

நீதிமன்றம், பள்ளி, விளையாட்டரங்கம் போன்ற இடங்களுக்குப் போகும் நாளில் கத்தி வீட்டிலேயே இருக்கட்டும். விமானப் பயணம் என்றால் செக்-இன் பெட்டிக்குள் போக வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் கத்தியைப் பறிகொடுப்பவர்கள் அதைக் கொண்டுபோக நினைத்தவர்கள் அல்ல, பையில் கிடப்பதை மறந்தவர்கள். வீட்டுக்கு வந்ததும் சாவியோடு கத்தியையும் ஒரே தட்டில் வைக்கும் வழக்கம் இருந்தால் இந்த மறதி வராது.

## 2. வேலையைப் பார்த்து அளவைத் தீர்மானியுங்கள்

பார்சல் பிரிப்பது, கயிறு அறுப்பது, பழம் நறுக்குவது, நூல் வெட்டுவது: தினசரி வேலை என்பது இவ்வளவுதான். இதற்கு 6 முதல் 8 செ.மீ. அலகு, அதாவது வெட்டும் தகடு, தாராளம். 9 செ.மீ.க்கு மேல் போனால் பாக்கெட்டில் உறுத்தும், நாலு நாளில் மேசை இழுப்பறைக்குப் போய்விடும். எடை 100 கிராமுக்குள் இருந்தால் இருப்பதே தெரியாது. 150 கிராம் கத்தி மெல்லிய துணி பாக்கெட்டைக் கீழே இழுக்கும்.

அலகின் முதுகு, அதாவது கூருக்கு எதிர் விளிம்பு, 2 முதல் 3 மி.மீ. கனம் இருக்கட்டும். புதியவர்கள் 4 மி.மீ. அலகைப் பார்த்து உறுதியானது என்று வாங்குகிறார்கள். அது ஆப்பிளை வெட்டாது, பிளக்கும். அட்டைப்பெட்டியிலும் இடையிலேயே இறுகி நின்றுவிடும். கத்தி சுலபமாக வெட்டுவதற்குக் கூரைவிட, கூருக்குப் பின்னால் அலகு எவ்வளவு மெல்லியது என்பதே முக்கியம்.

## 3. பூட்டைத் தேர்ந்தெடுங்கள்

எஃகின் பெயரைப் பற்றி மணிக்கணக்கில் படித்துவிட்டுப் பூட்டைக் கவனிக்காமல் வாங்குவது பொதுவாக நடக்கும் தவறு. மடக்கும்போது விரல் எங்கே இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது பூட்டுதான்.

பூட்டில்லாதது: முதுகில் உள்ள வில் மட்டும் அலகைப் பிடித்திருக்கும். விக்டோரினாக்ஸின் சிவப்புக் கத்திகளில் பெரும்பாலானவை இப்படித்தான். சட்டச் சிக்கல் குறைவு, பார்ப்பவரும் மிரள மாட்டார். ஆனால் குத்தினாலோ சிக்கிய அலகை ஆட்டி இழுத்தாலோ அலகு விரல் மேல் மடங்கும்.

முதுகுப் பூட்டு: பிடியின் முதுகில் உள்ள பகுதியை அழுத்தினால் விடுபடும். விரல் அலகின் பாதையில் வராது என்பது இதன் பலம். பூட்டு விழும் பள்ளத்தில் அழுக்கு சேர்ந்தால் பாதி மட்டும் விழுந்து, முழுதாகப் பூட்டியது போலத் தோன்றும். அதுதான் பலவீனம்.

லைனர் லாக், ஃபிரேம் லாக்: உள்ளே இருக்கும் தகடோ பிடியின் ஒரு பக்கமோ வளைந்து வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும். மிகப் பரவலான வகை. மடக்கும்போது கட்டைவிரல் அலகின் பாதையிலேயே நிற்கும், அதனால் பழகாமல் தொடக் கூடாத வகையும் இதுதான்.

குறுக்குக் கம்பிப் பூட்டு: பிடியின் இரு பக்கமும் தெரியும் சிறு கம்பியைப் பின்னால் இழுத்தால் அலகு விடுபடும். இடது கைக்காரருக்கும் ஏற்றது. உள்ளே உள்ள மெல்லிய வில் காலப்போக்கில் உடையலாம்.

வளையப் பூட்டு: ஒபினெல் கத்திகளில் உள்ளது. வளையத்தைத் திருப்பினால் பூட்டும், திருப்பி வைத்தால் விடும். விலைக்கு அருமையான கத்தி. மரப்பிடி ஈரத்தில் ஊறினால் அலகு வெளியே வர மறுக்கும்.

முதல் கத்தி என்றால் முதுகுப் பூட்டையோ பூட்டில்லாததையோ எடுக்கச் சொல்வேன். இரண்டிலும் விரலை ஒதுக்கி வைக்கும் பழக்கம் தானாக வரும்.

## 4. எஃகு: இவ்வளவு போதும்

துருப்பிடிக்காத எஃகு வேண்டுமா, கார்பன் எஃகு வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. வியர்வை அதிகம் என்றால், ஈரம் அதிகமான இடம் என்றால் துருப்பிடிக்காதது. கார்பன் எஃகு சீக்கிரம் தீட்டுப்படும். ஆனால் எலுமிச்சையை வெட்டிவிட்டுத் துடைக்காமல் மடக்கினால் மறுநாளே கறை தெரியும். அலகில் டி2 என்ற எஃகு வகை எழுதியிருந்தால் அதில் குரோமியம் சுமார் 12 விழுக்காடு இருக்கும், ஆனாலும் முழுத் துருத்தடுப்பு அதில் இல்லை.

கடினம் கூடக் கூடக் கூர் நிற்கும், தீட்டுவது கஷ்டமாகும். விக்டோரினாக்ஸ் ராக்வெல் கடின அளவில் 56 அருகே வைத்திருப்பதால் அதைச் சாதாரணக் கல்லில் சில நிமிடத்தில் தீட்டிவிடலாம். 60க்கு மேல் போகும் வனேடியம் மிகுந்த எஃகுகளுக்கு வைரத் தகடு கேட்கும். தீட்டக் கற்றுக்கொள்ளும் வரை மென்மையான எஃகே போதும்.

## 5. கைக்கு வந்ததும் சோதியுங்கள்

பாக்கெட்டில் போடும் முன் ஐந்து விஷயம் பார்க்க வேண்டும்.

மடக்கிய நிலையில் அலகு இரு பக்கத் தகடுகளுக்கு நடுவில் நிற்கிறதா? ஒரு பக்கம் உரசினால் கூர் அங்கேயே மழுங்கும்.

கூர்முனை முழுவதும் பிடிக்குள் அடங்குகிறதா? விரலை மெதுவாகப் பிடியின் விளிம்போடு நகர்த்துங்கள். முனை தட்டுப்பட்டால் கத்தியைத் திருப்பிக் கொடுங்கள். பாக்கெட்டில் கைவிடும் ஒவ்வொரு தடவையும் அது கீறும்.

மடக்கிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உலுக்குங்கள். அலகு தானாக வெளியே வந்தால் பிடிப்பு போதாது.

திறந்து, விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கி, அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து நிதானமாக அழுத்துங்கள். பூட்டு அசையக் கூடாது. முதுகை ஓங்கி அடித்துச் சோதிப்பவர்கள் உண்டு. அது நல்ல பூட்டையும் கெடுத்துவிடும்.

லைனர் லாக் என்றால், அலகின் அடிக்கனத்தில் கால் பங்கிலிருந்து பாதி வரை தகடு ஏறி நிற்க வேண்டும். ஓரத்தில் தொட்டுக்கொண்டு நின்றால் அழுத்தத்தில் வழுக்கும். எதிர்ப்பக்கம் வரை போய்விட்டால் தேய்வதற்கு இடம் மிச்சமில்லை என்று அர்த்தம்.

## 6. மடக்கப் பழகுங்கள்

கூரின் மேல் காகித டேப்பை ஒரே ஒரு மடிப்பாக ஒட்டிக்கொள்ளுங்கள். டேப்போடு அலகு நுழைய இடமில்லை என்றால் முழுதாக மடங்காது, பரவாயில்லை. பழகுவது கடைசி 2 செ.மீ. வரைதான்.

இப்போது பிடியைப் பாருங்கள். அலகு உள்ளே போகும் அந்த நீளமான பிளவை ஓடை என்று வைத்துக்கொள்வோம். மடக்கும் எந்தக் கணத்திலும் எந்த விரல் நுனியும் அந்த ஓடையைக் கடந்து நிற்கக் கூடாது. மற்ற எல்லாம் இதிலிருந்து பிறப்பவைதான்.

லைனர் லாக்கில் வரிசை இப்படி. வலது கையில் பிடி இருக்கட்டும், விரல் நுனிகள் ஓடைக்கு வெளியே, பிடியின் பக்கவாட்டில். இடது கையால் அலகின் முதுகுப் பக்கத்தைக் கிள்ளிப் பிடியுங்கள். வலது கட்டைவிரலால் தகட்டைத் தள்ளி, இடது கையால் அலகை 2 செ.மீ. அளவு மட்டும் உள்ளே நகர்த்துங்கள். இங்கே நிறுத்துங்கள். கட்டைவிரலை வெளியே எடுங்கள். எடுத்தாயிற்று என்று கண்ணால் பார்த்த பிறகு, இடது உள்ளங்கையால் முதுகைத் தள்ளி முழுதாக மடக்குங்கள்.

அந்த நிறுத்தம்தான் புதியவர்கள் விடும் இடம். தகடு விலகியதும் அலகு சுலபமாகச் சரிகிறது, கை அதே வேகத்தில் தொடர்ந்துவிடுகிறது, கட்டைவிரல் உள்ளேயே இருக்கிறது. பல கத்திகளில் அலகின் அடியில் கூரில்லாத சிறு பகுதி இருக்கும், முதலில் விரலைத் தொடுவது அதுதான். ஆனால் அதை நம்பிப் பழக வேண்டாம். அடுத்து வாங்கும் கத்தியில் அது இல்லாமல் இருக்கலாம்.

பூட்டில்லாத கத்தியில் ஆபத்து கடைசி மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறது. அது வரை மெதுவாக வந்த அலகை வில் திடீரென உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே பிடியை இரு பக்கத் தகடுகளில் மட்டும் பிடித்து, மறு உள்ளங்கையால் முதுகைத் தள்ளுங்கள்.

இந்த வரிசை கைக்குப் பழகும் வரை டேப் இருக்கட்டும். ஒரு கையால் மடக்குவதெல்லாம் அப்புறம். அது வராமலே போனாலும் நஷ்டமில்லை.

## 7. திறக்கப் பழகுங்கள்

நகப்பள்ளம் உள்ளதில் நகத்தால் இழுத்துத் திறப்பது எல்லோருக்கும் வரும். நகம் உடைகிற அளவு இறுக்கமாக இருந்தால் அலகு சுழலும் அச்சில் ஒரு துளி எண்ணெய் விட்டு, பத்திருபது முறை திறந்து மூடினால் இளகும்.

அலகில் கட்டைவிரல் குமிழ் உள்ளதில் புதியவர்கள் குமிழைப் பக்கத் தகட்டை நோக்கி அழுத்துகிறார்கள், அலகு நகராது. குமிழை வெளிப்புறமாக, வில் போன்ற வளைவில் தள்ள வேண்டும். கூடவே மற்ற விரல்கள் லைனரையோ ஃபிரேமையோ அழுத்திக்கொண்டிருந்தால் அதுவே தடையாகிவிடும். கத்தி இறுக்கம் என்று திருகைத் தளர்த்தும் முன் இதைப் பாருங்கள்.

மணிக்கட்டைச் சுழற்றி வீசித் திறப்பது வேண்டாம். திறந்த அலகு முட்டி நிற்கும் ஊசியும் பூட்டு முகமும் தேயும், பக்கத்தில் இருப்பவர் பயப்படுவார்.

## 8. பாக்கெட்டில் ஓர் இடம், ஒரு திசை

கத்தி எப்போதும் ஒரே பாக்கெட்டில் ஒரே திசையில் இருக்க வேண்டும். அப்போதுதான் கை பார்க்காமலே சரியாகப் பிடிக்கும். காணாமல் போனாலும் உடனே தெரியும்.

கிளிப் உள்ள கத்தியை முன் பாக்கெட்டின் பின்பக்கத் தையலை ஒட்டி மாட்டுங்கள். மடக்கி மாட்டும்போது அலகின் முனை மேலே பார்க்கும் கத்திக்கு இது மிகவும் முக்கியம்: அலகின் முதுகு தையலில் முட்டிக்கொண்டிருந்தால் அலகு திறக்க வழியே இல்லை. பாக்கெட்டின் நடுவில் மாட்டினால் அலகு சற்று வெளியே வந்து, கைவிடும்போது முனை காத்திருக்கும்.

அதே பாக்கெட்டில் சாவி, சில்லறை, போன் எதுவும் வேண்டாம். குமிழில் சாவிக்கொத்து மாட்டி அலகைத் திறந்துவிடும். கிளிப் இல்லாத சிறு கத்தியை மெல்லிய தோல் உறையில் போட்டால் பஞ்சுத்தூசி உள்ளே போகாது.

உட்காரும்போது கிளிப் நாற்காலியையும் வண்டியின் வண்ணப்பூச்சையும் கீறும். துணி துவைக்கும் முன் பாக்கெட்டைத் தடவிப் பாருங்கள். சோப்புத்தூளில் ஒரு சுற்று சுற்றினால் அச்சில் உள்ள எண்ணெய் முழுக்கப் போய்விடும், ஈரம் மட்டும் தங்கும்.

## 9. வெட்டும் முறை

வெட்டும் முன் ஒரே கேள்வி: கத்தி வழுக்கினால் எங்கே போய் நிற்கும்? அந்தப் பாதையில் உங்கள் தொடையோ மறு கையோ இருந்தால் நிற்கும் இடத்தை மாற்றுங்கள்.

*அட்டைப்பெட்டி:* டேப்பின் மேல் முனையில் 1 செ.மீ. மட்டும் உள்ளே போகட்டும், உள்ளிருக்கும் பொருள் தப்பிக்கும். உலோகப் பின் இருக்கும் இடத்தைச் சுற்றிப் போங்கள். அட்டையில் நுண்ணிய மண்துகள் கலந்திருப்பதால் துணியைவிட, கயிற்றைவிட வேகமாகக் கத்தியின் கூரை மழுங்கடிக்கும்.

*பிளாஸ்டிக் டை (கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் பட்டை):* அலகைப் படுக்கவைத்து உள்ளே நுழைத்து, கூரை வெளியே திருப்பி, பிடியைத் தாழ்த்தி வெட்டுங்கள். அறுந்த நொடியில் கத்தி பாயும், அதனால் முகத்தை மேலே கொண்டுபோக வேண்டாம்.

*கயிறு:* கையில் தொங்கவிட்டு அறுக்காதீர்கள். மரப்பலகையில் வைத்து, அழுத்துவதைவிட இழுப்பதை அதிகம் செய்யுங்கள்.

*பழம்:* பீங்கான் தட்டின் மேல் ஒரு தடவை முழு அழுத்தத்தோடு வெட்டினாலே கூர் மடங்கிவிடும். மரமோ பிளாஸ்டிக்கோ கீழே இருக்கட்டும்.

டப்பா மூடியை நெம்புவது, திருகைத் திருப்புவது இரண்டும் கத்தியின் வேலை அல்ல. முனை முதலில் உடையும், அடுத்து அச்சு ஆடும். கத்தி கைநழுவினால் பிடிக்கப் பாயாமல் காலைப் பின்வாங்குங்கள். அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மடக்கிக் கொடுங்கள்.

## 10. துடைத்தல், எண்ணெய்

டேப்பின் பசை அலகில் ஒட்டினால் ஸ்பிரிட் தொட்ட துணியால் முதுகிலிருந்து கூரை நோக்கித் துடையுங்கள். கூரோடு நீளவாக்கில் துடைத்தால் துணியோடு விரலும் போகும்.

உணவு வெட்டிய கத்தியை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஓடையில் பஞ்சுக் குச்சியை ஓட்டி, திறந்தபடியே நன்றாக உலர விடுங்கள். பிறகு அச்சின் இரு பக்கமும் ஒரு துளி மினரல் ஆயில். அதிகம் விட்டால் தூசியை இழுத்துச் சேர்க்கும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகக் கெட்டிப்படும், வேண்டாம்.

லைனர் தகடு முட்டும் முகத்தில் எண்ணெய் படக் கூடாது, பூட்டு வழுக்கும். மாறாகப் பூட்டு ஒட்டிக்கொண்டு விட மறுத்தால் அந்த முகத்தில் பென்சிலால் நாலு கோடு கிழித்தால் சரியாகும்.

கார்பன் எஃகு சாம்பல் நீலமாக மாறினால் பயப்பட வேண்டாம், அது துருவைத் தடுக்கும் படலம். செம்பழுப்பாக, தொட்டால் கையில் ஒட்டினால் துரு. உடனே தேய்த்து எடுங்கள்.

## 11. திருகுகள்

அலகு பக்கவாட்டில் ஆடினால் அச்சுத் திருகை ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு இறுக்கிச் சோதியுங்கள், தேவையானால் மறுபடி எட்டில் ஒன்று. அளவு பொருந்தாத திருப்புளியை நுழைத்தால் டார்க்ஸ் தலை வழவழப்பாகிவிடும், அதன் பிறகு கழற்றவே முடியாது. திருகு திரும்பத் திரும்பத் தளர்ந்தால் நீல நிறத் திருகுப்பசை ஒரு பொட்டு போதும். சிவப்பு நிறப் பசை நிரந்தரமானது, அதைத் தொடாதீர்கள்.

ரிவெட் அடித்த கத்தியைப் பிரிக்க முயல வேண்டாம். பிரிக்கக்கூடியதையும் அவசியமில்லாமல் பிரிக்காதீர்கள்.

## 12. தீட்டுதல்

காகிதத்தை வெட்டிப் பாருங்கள். கிழிந்து இழுபட்டால் நேரம் வந்துவிட்டது. விளக்கின் கீழ் கூரை நேராகப் பார்த்தால், மழுங்கிய இடம் மட்டும் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான விளிம்பில் ஒளி பட்டுத் திரும்ப இடமே இருக்காது.

கோணம் ஒரு பக்கத்துக்கு 20 பாகை என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணளவில் பிடிக்க ஒரு வழி: அலகின் அகலம் 2 செ.மீ. என்றால், முதுகு கல்லிலிருந்து சுமார் 7 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். 15 பாகைக்குச் சுமார் 5 மி.மீ. கூரின் ஓரத்தில் மார்க்கரால் மை பூசி இரண்டு இழுப்பு இழுங்கள். முதுகுப் பக்கம் மட்டும் மை போயிருந்தால் கோணம் தாழ்வு, கூரின் விளிம்பில் மட்டும் போயிருந்தால் உயரம்.

1000 கல்லில் ஒரு பக்கத்தை மட்டும் தேயுங்கள், எதிர்ப்பக்கத்தில் பிசிறு (விளிம்பில் மடிந்து எழும் மெல்லிய உலோகம்) எழும் வரை. கட்டைவிரலை முதுகிலிருந்து கூருக்கு வெளியே நோக்கி நகர்த்தினால் பிசிறு சொரசொரப்பாகத் தட்டும். அடியிலிருந்து முனை வரை முழு நீளத்துக்கும் பிசிறு வராமல் பக்கம் மாற்றுவதுதான் தீட்டியும் கூர் வராததற்கு முதல் காரணம். வளைவான முனைப் பகுதிக்கு வரும்போது பிடியை இம்மி உயர்த்துங்கள், இல்லையென்றால் முனை தீட்டுப்படாமல் நிற்கும்.

மறுபக்கமும் அதேபோல். பிறகு 3000 கல்லில் பக்கம் மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கத்தியின் எடை மட்டும் போதும். தோல் பட்டையில் கூர் பின்னால் வரும்படி இழுத்தால் மிச்சப் பிசிறும் போகும். முன்னால் தள்ளினால் தோல் வெட்டுப்படும். பட்டையை அடிக்கடி பயன்படுத்தினால் கல்லைத் தேடும் அவசியம் வெகுவாகக் குறையும்.

இரண்டு சக்கரத்துக்கு நடுவே இழுக்கும் கருவிகள் உலோகத்தைச் சுரண்டி எடுக்கின்றன. வேகமாகச் சுழலும் சாணைச் சக்கரத்தில் பொறி பறக்கக் கொடுத்தால் மெல்லிய விளிம்பு சூடேறி எஃகின் பதம் போய்விடும். விருப்பமான கத்தியை இரண்டிலும் கொடுக்காதீர்கள்.

தீட்டி முடித்ததும் கல்தூள் அச்சுக்குள் போகாமல் கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட்டு, 5ஆம் பகுதியில் சொன்ன பூட்டுச் சோதனையை ஒருமுறை செய்யுங்கள். அன்றைக்கு முதல் சில வெட்டுகளை மெதுவாகச் செய்யுங்கள்: மழுங்கிய கத்திக்குப் பழகிய கை அதே பலத்தைக் கொடுக்கும், இப்போது அதில் பாதிகூடத் தேவைப்படாது.